எங்கள் ஊருக்காக நான் திருத்திய படிவம்

1

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாக ஒரு பெண் நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பாரீசில் நாங்கள் இருக்கும் இந்தக் குடியிருப்பு நீண்ட காலத்துக்கு மனிதர் வாழ ஏற்றதுதானா என்று நகராட்சி மதிப்பீடு செய்கிறதாம். அதற்குச் சில கேள்விகளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக என் பிழைப்பே அந்தக் காகிதக் கட்டுதான். அதில் இருந்த கேள்விகளில் நாலைந்து நானே எழுதியவையாகக்கூட இருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன்.

பேருந்து நேரத்துக்கு வருகிறதா, குப்பையைப் பிரித்துப் போடுகிறீர்களா, அக்கம்பக்கத்தாரோடு பேச்சுவார்த்தை உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். "வீட்டில் மூன்று பேர். மற்ற இரண்டு பேருக்கும் இதே பதில்தான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மன்னிக்க வேண்டும் மேடம். பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்."

என் கணவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மகள் பவித்ராவுக்குச் சித்திரையில்தான் பதினெட்டு முடிந்தது. கூப்பிட்டதும் வந்தாள், காகிதத்தை வாங்கினாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து வந்து, உறையில் போட்டு ஒட்டி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

அந்தப் பெண் போன பிறகு கேட்டேன்.

"என்னடி எழுதுன?"

"அது எனக்கும் அவங்களுக்கும்" என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் தமிழில் கேட்பதும் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வதும் பத்து வயதிலிருந்து பழகிப்போனதுதான். ஆனால் அன்று என்ன தோன்றியதோ, அறைக்குப் போகும்போது திரும்பி நின்று தமிழிலேயே சொன்னாள். "நீ எனக்கும் சேத்து சொல்லிட்ட அம்மா. நான் அடுத்த ரூம்லதான இருந்தேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பருப்பு அடிபிடித்து, வீடெல்லாம் நாற்றம். அவள் சொன்னதை என்னிடம் சொல்வதற்கு அவளைவிட நியாயம் உள்ள ஒருத்தி காரைக்காலில் இருந்தாள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இதைப் படிக்கப் போகிறவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. திட்டுவார்கள். திட்டட்டும்.

2

காரைக்காலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பிரெஞ்சு பென்ஷன் வரும், பாதி வீடுகளுக்கு வராது. வருகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இருபது வயதானால் பிரான்சுக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள். என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நானும் அப்படிப் பெட்டி கட்டி வந்தவள்தான்.

வந்த புதிதில் ஒவ்வொரு அலுவலகத்திலும் நான் பிரெஞ்சுக்காரி என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சிக்குக் காரைக்கால் மேரியிலிருந்து கடிதம் வர வேண்டும். மேரி என்றால் எங்கள் பெரியவர்கள் வாயில் நகராட்சி. அங்கே எழுதிக் கேட்டால், கேட்பவர் யார் என்பதற்கு இங்கிருந்து கடிதம் வேண்டும் என்பார்கள். போதாக்குறைக்கு அப்பாவின் பெயரை எனக்குக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகும்வரை வந்த கடிதமெல்லாம் செல்வி கோவிந்தசாமிக்கு வந்தது. அப்பா அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

முதலில் தட்டச்சு, பிறகு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை, அப்புறம் அந்தக் கேள்விகளைத் தயாரிக்கும் வேலை. நகராட்சிகளுக்காக ஒரு குடியிருப்புப் பகுதியை எடைபோட்டு மதிப்பெண் கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. தண்ணீர், காற்று, நிழல், குப்பை, போக்குவரத்து, மனிதர்களுக்குள் ஒட்டுறவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. பதினாறு பக்கப் படிவம். வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அதை வைத்துத்தான் எங்கே பள்ளிக்கூடம், எங்கே பூங்கா, எத்தனை வீடு என்று முடிவாகும்.

சுனாமி அடித்து ஏழெட்டு மாதம் இருக்கும். காரைக்கால் கரையோரக் குப்பம் ஒன்றுக்கு வீடு கட்டித்தர இங்கே ஓர் அறக்கட்டளை முன்வந்தது. கட்டுவதற்கு முன் இடத்தையும் சனங்களையும் மதிப்பிட வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "உங்கள் ஊர், உங்கள் மொழி. நம் படிவம் அங்கே அப்படியே பொருந்தாது. அந்த ஊர்ச் சமூகத்துக்கும் பழக்கவழக்கத்துக்கும் ஏற்ற மாதிரி நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அங்கே ஒருவரும் என் ஊரை ஒரு தகுதியாக எண்ணியதில்லை.

3

அந்தக் குப்பத்தின் பெயரை எழுதவில்லை. கருக்களாச்சேரிக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த சனங்களை ஊருக்கு மேற்கே தார் ஷீட் போட்ட கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். ஆடி மாத வெயிலில் அந்த ஷீட்டுக்குக் கீழே ஐந்து நிமிடம் உட்கார முடியாது. நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என்னை அழைத்துப்போய் உட்காரவைத்தவள் மலர்க்கொடி.

மலர்க்கொடி எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குப்பத்திலிருந்து டவுனுக்கு நடந்தே வருவாள். சுனாமிக்கு மூன்று வருடம் முன்பே அவள் புருஷன் கடலில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். கொழுந்தன் சேகரின் வீட்டுக்குப் பின்னால் கீற்று வைத்துத் தனியாக உலை வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்து வீடும் குடிசையும் சேர்ந்தே போயின. அன்று காலை அவள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்திருந்தாள். அதனால் மூவரும் பிழைத்தார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

நான் போன இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அம்மா நீராகாரம் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னையே பார்த்தாள்.

"அக்கா, வூடு கட்டுறதுக்கு நீங்கதான் எழுதப்போறீங்களாமே."

"எழுதுறது நான்தான். குடுக்குறது வேற ஆளு."

"எனக்கும் ஒண்ணு வரும்ல? கொழுந்தன் வூட்டோட சேத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. அவருக்கே நாலு புள்ளைங்க. நான் வளருற பொண்ண வச்சுக்கிட்டு எங்க போயி ஒட்டிக்கிறது?"

"வரும் மலரு. தனியா சமைச்சுத் தனியாத்தானே இருக்கே. உன் பேரு தனியாத்தான் வரும். நீ பயப்படாத."

அதைக் கேட்ட பிறகுதான் நீராகாரத்தைக் குடித்தாள்.

4

படிவத்தைத் திருத்த உட்கார்ந்த அந்த வாரம் நான் இருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. சில கேள்விகளைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எவ்வளவு எரிபொருள் ஆகிறது என்று ஒரு கேள்வி. அதை அடித்துவிட்டு, கடல்காற்று வீட்டுக்குள் வர எந்தப் பக்கம் வாசல் இருக்க வேண்டும் என்று எழுதினேன். சைக்கிள் நிறுத்தும் இடத்தை அடித்துவிட்டு, இஞ்சினும் வலையும் வைக்க இடம் உண்டா என்று எழுதினேன். புல்தரையும் பூச்செடியும் கேட்டிருந்த இடத்தில், கருவாடு காயப்போடப் பொதுக்களம் உண்டா, திருவிழாவுக்குச் சாமி புறப்பாடு வரத் தெரு அகலமா என்று கேட்டேன். அடுப்படியைப் பார்த்தபடி கழிவறை இருந்தால் எங்கள் பெண்கள் அதில் விறகைத்தான் அடுக்குவார்கள் என்று ஒரு குறிப்பும் எழுதினேன்.

இவையெல்லாம் சரியான திருத்தங்கள். இன்றைக்கும் சொல்வேன். வேறொரு இடத்தில் இதையெல்லாம் கேட்காமல் கட்டிய வீடுகளில் சனம் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது முதல் பக்கம். அதில் இரண்டு வரிகள். குடும்பங்களின் எண்ணிக்கை என்பது ஒன்று. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று பிரெஞ்சில் விளக்கம் இருந்தது. பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கவும் என்பது மற்றொன்று. அந்த இரண்டையும் பஞ்சாயத்தாரிடம் பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்று வைத்திருந்தேன்.

5

குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவருக்கு அறுபது வயது இருக்கும். தண்ணீர் அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேரைக் கொண்டுபோயிருந்தது. ஆனாலும் ஊர்க்காரியத்தில் ஒரு நாள் ஓய்ந்து உட்காரவில்லை. வந்த அரிசியை, துணியை, வலையை ஒரு சண்டையில்லாமல் பங்கிட்டவர் அவர்தான். கெட்டவர் என்று அவரைச் சொல்ல என்னால் முடியாது.

கோயிலுக்குப் பக்கத்தில் வலை பின்னும் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்தாருக்கு பெஞ்சு. எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே, கீற்று நிழலோரம் நின்றார்கள். உட்கார்ந்திருந்த பெண் நான் ஒருத்திதான். அதை அப்போதே கவனித்தேன். வெளியூர்க்காரிக்குக் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"எத்தனை குடும்பம்னு எப்படிக் கணக்கு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஊருல வரிதான் மேடம் கணக்கு" என்றார் தலைவர். "கல்யாணம் ஆன ஆம்பள ஊருக்கு வரி குடுப்பான். வரி குடுத்தா அது ஒரு குடி. கோயில் காரியமா, மீன்பாட்டுப் பங்கா, ஏலமா, எல்லாம் வரிப்படிதான். எங்க தாத்தா காலத்துலேருந்து இதுல ஒரு சண்ட வந்ததில்ல."

"புருஷன் இல்லாதவங்க?"

"அவங்ககிட்ட வரி வாங்குறது இல்லிங்க. அது பாவம். அண்ணன் தம்பி, கொழுந்தன் மச்சான்னு யாரு வரியிலயாவது சேந்துருப்பாங்க. நாங்க யாரையும் தெருவுல வுட்டதில்ல."

எவ்வளவு இரக்கமான ஏற்பாடு என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஊர் தனக்குத்தானே வைத்திருக்கும் கணக்கு, யாரும் சண்டை போடாத கணக்கு. நான் பாரீசிலிருந்து அடுப்பை எண்ணும் கணக்கைக் கொண்டுவந்து இவர்கள் தலையில் கட்டுவதா? வெள்ளைக்காரன் செய்கிற வேலை அல்லவா அது? தலைவரின் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டேன். வரிக்கு ஒரு பெயர்.

அப்போது வெளியே ஒரு கை உயர்ந்தது. மலர்க்கொடி. "எனக்கு ஒரு கேள்வி இருக்குங்க" என்றாள். கொட்டகைக்குள் பேச்சு நின்றது. தலைவர் அதட்டவில்லை. "சேகரு இருக்கான்ல, ஒன் விசயத்த அவன் பேசுவான். ஒக்காரும்மா" என்றார். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மலர்க்கொடியின் கை இன்னும் இறங்கவில்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தம்மா பேசட்டுங்க என்று சொன்னால் போதும். நாற்காலியும் இளநீரும் கொடுத்தவர்கள் அதைத் தட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் சொல்லவில்லை. ஊர் முறையில் தலையிடக் கூடாது, தலையிட்டால் டவுன்காரி, பிரெஞ்சுக்காரி என்று பேச்சு வரும் என்று நினைத்தேன். தலையைக் குனிந்து முதல் பக்கத்தில் இரண்டு திருத்தம் எழுதினேன். குடும்பம் என்ற இடத்தில் வரிக்குடி. தனித்தனியாகக் கேட்கவும் என்ற இடத்தில், உள்ளூர் மரபுப்படி ஊர்ப் பஞ்சாயத்து வழியாகக் கேட்கவும். நிமிர்ந்து பார்த்தபோது அவள் அங்கே இல்லை.

அந்தப் பட்டியலின்படிதான் வீடு வரும் என்று எனக்குத் தெரியாது என எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். யாரும் விடுபட்டிருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு என்று ஒன்று இருப்பதாக நினைத்தேன்.

6

அறிக்கை நன்றாக வந்தது. ஒட்டுறவு, ஊர்ப் பங்கேற்பு ஆகிய இரண்டிலும் நான் அந்தக் குப்பத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தேன். எங்கள் அலுவலகம் இருக்கும் தெருவுக்கே அவ்வளவு மதிப்பெண் கிடைக்காது. மேலாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். வெளிநாட்டு வேலைகளைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அறைக் கதவில் என் பெயர், சரியான எழுத்தோடு. பவித்ராவை அழைத்துப்போய்க் காட்டினேன்.

மறுவருடம் அம்மா தொலைபேசியில் சொன்னாள்.

"மலரு இப்ப மீன் கொண்டாரதில்லடி. வூடு கட்ட அஸ்திவாரம் போட்டுட்டாங்களாம். ஒன் லிஸ்ட்டுல அவ பேரு இல்லியாமே. மெய்தானா?"

"அது ஊருக்காரங்க குடுத்த லிஸ்ட்டும்மா."

"ஊருக்காரங்க குடுத்தா? நீதானே பெரிய படிப்புப் படிச்சுட்டு எழுதப் போன. அப்பா போனதும் எனக்கு அந்த பென்ஷன் வருதே, அது யாரக் கேட்டுக் குடுத்தான்? ஒன் சித்தப்பனக் கேட்டானா?"

வருடத்துக்கு ஒருமுறை அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக வெயிலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் நான் பிரெஞ்சுக்காரனைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் காகிதத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று அம்மாவைத்தான் கேட்டார்கள். சித்தப்பா இடம் கொடுத்தால் உண்டு என்கிற நிலையில் அவளை ஒருநாளும் அவர்கள் விடவில்லை. அந்தப் பென்ஷனில் படித்து, அந்தப் பெட்டியைக் கட்டி வந்த நான்தான் ஊரில் ஒரு விதவையின் பெயரை எடுத்துவிட்டு அதற்கு மரபு என்று பெயர் வைத்தேன்.

"பாக்குறேம்மா" என்றேன்.

மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பக்கத்தைத் திரும்பவும் பழையபடி மாற்ற வேண்டும், சில குடும்பங்கள் விடுபட்டிருக்கின்றன என்று. அவர் மறுநாளே அறைக்கு வந்தார். நல்ல மனிதர், என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"உள்ளூர் முறையை மதிக்க வேண்டும் என்று நீங்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். இப்போது நாங்கள் போய் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் உங்கள் கணக்கு தவறு என்று சொல்வதா? அது அழகாக இருக்குமா? தவிர, இந்தப் படிவத்தை வேறு இரண்டு கடற்கரைகளுக்கு அனுப்பியாயிற்றே."

நான் கத்தியிருக்க வேண்டும். அறக்கட்டளைக்கு நேராக எழுதியிருக்க வேண்டும். ஒரு விமானச் சீட்டு வாங்கிப் போய்க் கொட்டகையில் நின்றிருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. எந்த முகத்தோடு போய் என் அறிக்கை பொய் என்று சொல்வேன்? கதவில் இருந்த பெயரும் எனக்கு வேண்டியிருந்தது. இதற்கு மேல் நாசூக்காக எழுதத் தெரியவில்லை.

7

அம்மா அதற்கு அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தாள். முதல் தெவசத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். பவித்ராவுக்குப் பரீட்சை. பரீட்சை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தெவசம் முடிந்த மறுநாள் புதுக்குடியிருப்புக்குப் போனேன். அழகாகத்தான் இருந்தது. வாசல்கள் காற்றுப் பார்த்து இருந்தன. பொதுக்களத்தில் கருவாடு காய்ந்தது. வலை வைக்கும் அறைகளில் வலைதான் இருந்தது. ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கக்கூச தள்ளி வைக்கச் சொன்னது நீங்கதானே, புண்ணியமாப் போவும்" என்றாள். அங்கே நின்று அதைக் கேட்டுக்கொண்டேன்.

சேகரின் வீட்டுக்குப் போனேன். ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி. நான்கு பிள்ளைகள், அவன் மாமியார் வேறு. சேகர் பாய் விரித்து உட்காரச் சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆறு மாசம் அண்ணி இங்கதான் இருந்துச்சு மேடம். வாசப் பக்கம் படுத்துக்கும். எம் பொண்டாட்டிக்கும் அதுக்கும் தெனமும் பேச்சு வந்துடும். பெரிய பொண்ணு ஆளாயிடுச்சு, அதக் கொண்டுபோயி உக்கார வைக்கக்கூட எடமில்ல. ஒருநாளு சொல்லாம கொள்ளாம கௌம்பிடுச்சு. திருநள்ளாத்துல லாட்ஜுல வேலை செய்யுதுன்னாங்க."

"கூட்டத்துல அன்னைக்கு நீங்க அவளுக்காகப் பேசலியே."

"வூடு கேக்கணுமா? தலைவரு முன்னாடி என்னான்னு கேக்குறது? ஒரு வரிக்கு ஒரு வூடுன்னு ஆயிப்போச்சு. ரெண்டு கேட்டா ஊரு என்னைத்தான் சொல்லும்."

தலைவரையும் பார்த்தேன். கண்ணுக்கு அறுவை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மலர்க்கொடியைப் பற்றிச் சொன்னதும் வருத்தப்பட்டார். மெய்யாகவே வருத்தப்பட்டார்.

"நாங்க எங்க மொறப்படி சொன்னோம் மேடம். நீங்க வேற மாரி கேட்டிருந்தா வேற மாரி சொல்லிருப்போம். அடுப்புக்கு ஒண்ணுன்னு கெவுருமெண்டு சொன்னா எழுதிக் குடுக்க மாட்டமா? இப்ப எடமும் முடிஞ்சுபோச்சு, கட்டுனவங்களும் போயிட்டாங்க."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் தன் ஊர் முறையை எனக்கு விளக்கினார். அதைக் காகிதத்தில் எழுதிச் சட்டம் ஆக்கியது நான். எழுதாமல் இருந்தவரை அதில் கொஞ்சம் நெளிவு சுளிவு இருந்தது. ஒரு கீற்றுக் குடிசை வைத்துக்கொள்ள இடம் இருந்தது.

8

திருநள்ளாற்றில் அன்று சனிக்கிழமை. குளத்தில் முழுகி, பழைய துணியை விட்டுவிட்டு வரும் கூட்டம் தெருவெல்லாம் நிரம்பி நின்றது. மூன்று லாட்ஜில் விசாரித்து நான்காவதில் கண்டுபிடித்தேன். மொட்டை மாடியில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது. பெரிய பெண் காய்ந்த விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதாகக் கீழே சொன்னார்கள். சின்னவளை ஒரு விடுதியில் சேர்த்திருக்கிறாளாம். மூவரும் சேர்ந்து இருக்க இடம் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் இருக்கிற இடத்தில் இவர்கள் இருவரும் படுத்துக்கொள்கிறார்கள்.

"வாங்கக்கா" என்றாள் மலர்க்கொடி. ஆச்சரியப்படவில்லை. "அம்மா போனதக் கேள்விப்பட்டேன். வர முடியல. சனிக்கெழமையில வுட மாட்டாங்க."

உட்கார இடம் இல்லை. அவள் பிழிந்துகொண்டே இருந்தாள். நான் நின்றுகொண்டே பேசினேன். மேலாளருக்கு எழுதியதைச் சொன்னேன். வேறு ஏதாவது திட்டத்தில் பெயரைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றேன். நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் அலுவலகக் குரலாகக் கேட்டது.

"வுடுங்கக்கா" என்றாள். "அந்த ஊருல இனிமே எனக்கு என்னா இருக்கு. அந்த மண்ணுல எடம் கெடச்சாலும் நான் போவப்போறதில்ல."

விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அன்னைக்குக் கூட்டத்துல கீத்தோரம் நின்னு கையத் தூக்குனேன். தலைவரு ஒக்காரச் சொல்லிட்டாரு. நான் நின்னத நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கூட்டம், வெயில், எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் முகம் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தது என்று இப்போது தோன்றுகிறது.

"பாத்தேன்" என்றேன்.

குனிந்து வாளியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அக்கா பாத்திருந்தா கேட்ருப்பாங்க, கூட்டத்துல தெரிஞ்சிருக்காதுன்னு இவகிட்டகூடச் சொல்லி வச்சிருந்தேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியின் அந்தப் பக்கம் போனாள். பெரியவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.